பாராட்டு விழாப் படங்கள்

சந்திரலேகாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? சிதம்பரத்தில் அந்த அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளில் முதலில் தொட்டவள் அவள். நேற்று வேலைக்கு வந்த பெலிசியாவுக்கு ஆபீஸ் வேலையெல்லாம் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். இப்போது ஒவ்வொரு அலுவலகத்திலும் சைபர் பாதுகாப்புக்கு ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தால், சார் யாரைப் போட்டார்? பெலிசியாவை! கடலூரில் பயிற்சி, மேடை, கலெக்டர் கையால் சான்றிதழ்.

"கழுத்துல அட்டைய மாட்டிக்கிட்டு என்னா மினுக்கு மினுக்குறா பாத்தியா?" என்று பக்கத்து சீட் ஜெயராணியிடம் பொருமினாள். துணைக்கு இன்னொருவரையும் போடப்போவதாக சார் சொல்லியிருந்தார். அந்த இடமாவது தனக்கு வந்தே தீரவேண்டும்.

"தெரியாத லிங்க்க யாரும் தொடாதீங்க," என்று பெலிசியா தினமும் சொல்லுவாள். சந்திரலேகா காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளமாட்டாள்.

அந்த வாரம் ஒரு மெயில் வந்தது. 'கடலூர் பாராட்டு விழாப் படங்கள்.' அனுப்பிய முகவரி கோணல்மாணலாக இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் இந்தப் பெலிசியா நிஜமாகவே கலெக்டர் பக்கத்தில் நின்றாளா? என்ன புடவை கட்டியிருந்தாள்? விரல் கேட்கவில்லை. கிளிக். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தாள்.

'இது அலுவலகப் பாதுகாப்பு ஒத்திகை. நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்' என்று திரையில் சிவப்பாக வந்தது.

சாயங்காலம் சார் எல்லோரையும் கூப்பிட்டார். "மாட்டுனது யாருன்னு நான் சொல்லல. ஜெயராணிம்மா, பெலிசியாவுக்குத் துணையா இனிமே நீங்க இருங்க."

அடப்பாவி, ஜெயராணியா! சந்திரலேகா நேராகப் பெலிசியா மேசைக்குப் போனாள். "அந்த மெயில எழுதுனது யாருடி?"

"நான்தாங்க்கா," என்றாள் பெலிசியா, தலை நிமிராமல்.

"படம்னு போட்டா தொறப்பாங்கன்னு உனக்கு எப்பிடித் தோணிச்சு?"

பெலிசியா கழுத்து அட்டையைத் திருகிக்கொண்டே இருந்தாள். "போன குடியரசு தினத்துக்கு நீங்க மேடையேறி நற்சான்று வாங்குனீங்கள்ல? அந்தப் படத்த எத்தன தடவ தொறந்து பாத்திருக்கேன் தெரியுமா? பாக்கறப்பல்லாம் வயிறு எரியும்க்கா. அத வச்சுதான் எழுதுனேன்."

ஆசைப்பட்ட இடம் போனது போனதுதான். ஆனாலும் சந்திரலேகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தன தடவடி?" என்று கேட்டாள்.