கடைசியாக வந்தவர்

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போட ஆள் ஏற்றும் அடுத்த லாரி சயாமுக்குப் போகும்வரையாவது காட்டாதீர்கள். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய சின்னக் கிராணி அருளப்பன் ஐயாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் எங்கள் வீட்டுக்குத்தான் ஆபத்து. அவருக்கு இப்படி ஒளித்து அஞ்சலி எழுத வேண்டியிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் இறந்துவிட்டார். செய்தி வந்து சில வாரங்கள் ஆகின்றன. அவரோடு சயாமுக்குப் போன முனியன் எப்படியோ தப்பித்து, ஒரு மத்தியானம் எங்கள் வீட்டின் பின்பக்கம் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து வந்தார். முதலில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கால் முழுக்கப் புண். அம்மா கொடுத்த மரவள்ளிக்கிழங்கை ஆறவிடாமல் தின்றுகொண்டே, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரான என் அப்பாவிடம் சொன்னார்.

"மண்டோரே, சின்னக் கிராணி போயிட்டாரு. குளிர் காச்சல். லாரிய நிறுத்திட்டு எறங்கிப் படுத்தாரு, அப்பறம் ஏறல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. நேரா இங்கதான் வாரேன்."

"சொல்லாத."

அப்பா அவரை அன்றைக்கே புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்திருக்க அனுப்பிவிட்டார். பிறகு அம்மாவையும் அண்ணன் ராசுவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்தச் சேதி வெளிய போச்சுன்னா அடுத்த லாரிக்கு ஒருத்தன் நிக்க மாட்டான். அம்புட்டுப் பேரும் காட்டுக்குள்ள ஓடிருவானுங்க. ஆளு கொறஞ்சா மண்டோர் வீட்டுப் புள்ளயத்தான் ஏத்துவேன்னு ஜப்பான்காரன் சொல்லிட்டான்."

"அந்தத் தெரேசாப் பொண்ணுக்கு மட்டுமாவது..." என்று அம்மா ஐயாவின் மனைவிக்காகப் பேசத் தொடங்கினார்.

"ராசுவ ஏத்தட்டுமா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் தரையைப் பார்த்தான். அவ்வளவுதான். எங்கள் தோட்டத்துக்கு ஒரு சாவுச் செய்தி வந்தது, ஒருவரும் அழவில்லை.

அருளப்பன் ஐயாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காரைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. வாரநாட்களில் அவர் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு சைக்கிளில் ஆபீசுக்குப் போகும் ஒல்லியான மனிதர். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வந்ததும் வேறு ஆள். துரை ஒருவர் வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு வேண்டாமென்று விட்டுப்போன சின்னக் கார் ஒன்றை அவர் வாங்கி, ரப்பர் பால் தகடுகளை உலர்த்திய பழைய புகைவீட்டுக்குள் வைத்துப் பிரித்தார். கூரையைக் கழற்றினார். கதவுகளைக் கழற்றினார். மட்கார்டுகளையும் கழற்றிப் போட்டார். மண்ணெண்ணெய்த் தகரங்களைத் தட்டி நீட்டி, ஒரே ஓர் ஆள் உட்காரும்படி சுருட்டு மாதிரி ஓர் உடம்பு செய்தார். நான்கு சக்கரங்களும் அதிலிருந்து தனித்தனியாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

நாங்கள் பிள்ளைகள் அதற்கு அம்மணக் கார் என்று பெயர் வைத்தோம். தெரேசா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடியே, வாயக் கழுவுங்கடி! வேற நல்ல பேரே கெடைக்கலியா?"

"விடு தெரேசா" என்றார் ஐயா, காருக்கு அடியிலிருந்து. "புள்ளைங்க பாத்ததத்தானே சொல்லுது."

பந்தயக் காரின் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டுமாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் கெஞ்சி வாங்கி வந்து ஊற்றினார். முதல்முறை காரைக் கிளப்பிய அன்று அந்த வாடை எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயம் முழுவதும் பரவியது. மாதம் ஒருமுறை டிரசர் எங்கள் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றும் அதே வாடை. பிள்ளைகள் எல்லோரும் விழுந்தடித்து ஓடினோம். நான் ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எங்களுக்கு இல்லதானே ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. "இல்ல பாப்பா. இன்னிக்குக் காருக்கு மட்டுந்தான் வயிறு சரியில்ல."

அவர் சில பந்தயங்களுக்குப் போயிருக்கிறார். எல்லாம் துரைமார்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்வது. ஆள் குறைந்தால் இவரைச் சேர்த்துக்கொள்வார்கள். முகமெல்லாம் சேறும் எண்ணெயுமாக அவர் திரும்பி வரும்போது லயத்து வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள்.

"என்னா ஆச்சுங்கையா?"

"கடைசி." சாப்பிட்டாயிற்று என்று சொல்வதுபோல் சொல்வார். "ஆனா எனக்கு முன்னால போனவன் முதுகு இந்தத் தடவ நல்லாத் தெரிஞ்சிச்சு லா. போன தடவ தூசிதான் தெரிஞ்சிச்சு."

அதில் போவது எப்படியிருக்கும் என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். "துரையோட கார்ல போனா ரோடு மட்டுந்தான் தெரியும். இதுல சக்கரமும் தெரியும். குதிக்கிறது, நடுங்குறது, திரும்ப மாட்டேங்குறது, எல்லாம் கண்ணுக்கு நேரா நடக்கும். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நமக்கு மறைக்க முடியாது, நம்மளப் பாக்குறவங்களுக்கும் மறைக்க முடியாது" என்றார். வலது முழங்கைக்குக் கீழே புகைக்குழாய் சுட்ட தழும்பு இருந்தது. வளைவில் கை வெளியே போய்விடுமாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் காட்டினார்.

சண்டை வருவதற்கு முன்பு, சி ரூசா கடற்கரைச் சாலையை அடைத்து ஒரு பந்தயம் நடந்தது. துரை தோட்டத்து லாரியைக் கொடுத்தார். பாதித் தோட்டம் அதில் ஏறிக்கொண்டது. பெண்கள் எலுமிச்சம்பழச் சோறு கட்டி வந்தார்கள். அப்பா தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரு துணிப்பையில் வைத்திருந்தார். தொடங்கும் இடத்தில் கார்ச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனவரைப் போலீஸ்காரர் தள்ளிவிட்டார்.

"நம்ம தோட்டத்து லாரிக்கே வைக்கிறோம்" என்று அப்பா எங்களிடம் வந்து பொருமினார். "இவரு உசுர வச்சு ஓட்டப்போறாரு. ஒண்ணும் செய்யாம அனுப்புறதா?"

நாங்கள் நின்றது ஒரு வளைவில். கார்கள் சுற்றிச் சுற்றி வந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கள் ஐயா ஓர் இடம் முன்னே வந்துகொண்டிருந்தார். துரைமார்களின் பெரிய கார்கள் வளைவில் அகலமாகப் போக, இது உள்பக்கமாக நுழைந்து முந்தியது. மூன்றாவதாக அவர் வருவதைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். அப்பாவால் தாங்க முடியவில்லை. சாமி தேர் வரும்போது ஓடுவதுபோல் சாலைக்குள் ஓடி, காருக்கு முன்னால் தேங்காயை ஓங்கி உடைத்துவிட்டு விலகினார்.

ஐயாவின் டயர்கள் தேய்ந்தவை. பின்சக்கரம் தேங்காய் ஓட்டின்மேல் ஏறியது. வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். கார் ஒரு சுற்றுச் சுற்றி மணலில் போய் நின்றது. அவர் செத்துவிட்டார் என்றே நினைத்தோம். பிறகு ஒரு கை மேலே எழுந்து ஆடியது. கார் மறுபடி கிளம்பியது.

அவர் நிறுத்தவில்லை. மட்கார்டு இருந்திருந்தால் நாங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டோம். டயர் கீற்றுக் கீற்றாகக் கிழிந்து பறந்ததும், கடைசியில் வெறும் இரும்பு சாலையில் பொறி பறக்க உருண்டதும் எங்கள் கண்முன்னால் நடந்தது. மற்றவர்கள் எல்லோரும் முடித்து, சாலையை அடைத்த கயிறுகளைப் போலீஸ்காரர்கள் சுருட்டத் தொடங்கிய பிறகு அவர் வந்து சேர்ந்தார்.

என்ன ஆயிற்று என்று துரை கேட்டார். "ஓரத்துல கல்லு. நான் பாக்கல" என்றார் ஐயா, முதலில் இங்கிலீஷில், பிறகு எங்களுக்காகத் தமிழில். அப்பாவின் வேட்டி முழுக்கத் தேங்காய்த்தண்ணீர் தெறித்திருந்தது. ஐயா அதைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்து, சோறு மிச்சம் இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டார்.

திரும்பும்போது லாரியில் முதலில் பேசியவர் அப்பாதான். "மூணாவதா வந்தாருல்ல? வெள்ளக்காரன் மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றார். அடுத்த வாரம் கள்ளுக்கடையில் அது இரண்டாவது ஆனது. தீபாவளிக்குள் ஐயா அத்தனை துரைமார்களையும் தோற்கடித்துவிட்டார். யார் எங்கே சொன்னாலும், "இல்லப்பா, கடைசி" என்று ஐயா திருத்துவார். பெரிய மனசு, அதனால்தான் அப்படிச் சொல்கிறார் என்று தோட்டமே பேசிக்கொண்டது. அப்பாவுக்கு ஏன் அந்தக் கதை வேண்டியிருந்தது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஐயா முதலாவதாக வந்தவராகிவிட்டால் தேங்காயைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

துரைமார்கள் ஓடிப்போன பிறகு ஜப்பான்காரர்கள் வண்டிகளைத் தேடி வந்தார்கள். பழைய புகைவீட்டைத் திறந்து காரைக் கண்டார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். அதிகாரி அந்தக் காரின் மூக்கைத் தட்டிக் கொடுத்து ஏதோ கேட்டார். கூட வந்தவர் மலாயில் சொன்னார், இதை ஓட்டியவர் யார் என்று. எல்லார் தலையும் ஐயா பக்கம் திரும்பியது.

அப்பா முன்னால் போனார். "இவருதாங்க. வெள்ளக்காரன் அத்தன பேரையும் தோக்கடிச்சவரு." வெள்ளைக்காரனை வென்றவர் என்றால் ஜப்பான்காரன் மரியாதை செய்வான், அரிசி கூடக் கிடைக்கும் என்று அவர் நினைத்தார். அவர் கெட்டது நினைக்கவில்லை. இதை எழுதும்போதும் அதைச் சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது.

"இல்ல" என்றார் ஐயா. "நான் கடைசி. எல்லாருக்கும் பின்னால வந்தவன். ஒருத்தரையும் ஜெயிச்சதில்ல."

கூட்டம் சிரித்தது. "ஐயா எப்பவும் இப்படித்தான்!" என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அதிகாரி அவரை நம்பவில்லை. பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான் என்று கன்னத்தில் ஓர் அறை அறைந்தார். மறுவாரம் சயாமில் லாரி ஓட்ட ஐயாவை அழைத்துக்கொண்டு போனார்கள். அவர் லாரியில் ஏறியபோது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ என்னா செய்வ மண்டோரே, போ" என்றார் ஐயா.

தெரேசா அக்கா தினமும் சாயங்காலம் செபமாலை சொல்கிறார். அவர் குரல் எங்கள் அடுப்படிக்குக் கேட்கும். ஐயா சுகமாகத் திரும்ப வேண்டும் என்று முடிப்பார். இறந்தவர் ஆத்துமாவுக்கு வேறு செபம், வேறு பூசை இருக்கிறதாம். ஐயாவுக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. நாங்கள்தான் தடுத்து வைத்திருக்கிறோம்.

கல்லறைத் திருநாளன்று தெரேசா அக்கா துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மெழுகுவர்த்தி இல்லாததால் சிரட்டைகளில் தேங்காயெண்ணெய் ஊற்றித் திரி போட்டிருந்தார். தன் அப்பா அம்மா கல்லறைகளில் ஒவ்வொன்று ஏற்றினார். ஒரு சிரட்டை மிஞ்சியது.

"இது யாருக்குக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"யாருமில்லாத கல்லறைக்கு ஏத்தணும். யாராச்சும் எங்கயாச்சும் நம்மாளுக்கும் ஒரு ஒத்தாச பண்ணுவாங்க இல்ல?" என்றார். பெயர் எழுதாத ஒரு மண்மேட்டைத் தேடிப் பிடித்தார். என்னைத்தான் ஏற்றச் சொன்னார். நான் அவசரமாகக் கையை இழுத்ததில் இரண்டு தரம் அணைந்தது. "காத்து" என்றேன்.

காற்றே இல்லை.

வரும் வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். ராசு அண்ணனின் முகம் கண்முன்னால் வந்தது. நாளை மறுநாள் லாரி வருகிறது என்கிறார்கள். அதில் ஏறப்போகிறவர்களும், அங்கே ஐயா நன்றாக இருக்கிறார், நம் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தான் ஏறப்போகிறார்கள். ஓர் அண்ணனுக்காக எத்தனை அண்ணன்களை ஏற்றுகிறோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆனாலும் அண்ணன் பக்கத்து அறையில் தூங்குகிற சத்தம் கேட்கும்போது, இப்படியே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. இதைவிட வெட்கம் எனக்குத் தெரியாது.

ஐயாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு சொல்தான். கடைசி. ஊரே அவரை முதல் ஆளாக்கிக் கொண்டாடியபோதும், தன்னைக் கன்னத்தில் அறைந்தபோதும் அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் அவர் உண்மையை மறைத்தார். அது அப்பாவுக்காக. அவரைப்போல் இருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன பொய்யில் இழந்தது அவர் மட்டுமே. நாங்கள் மறைப்பதில் இழப்பது தெரேசா அக்கா, லாரியில் ஏறப்போகிற எல்லோரும். அதனால் நான்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. தெரேசா அக்காவின் குரல். முனியனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம், நெசமா பாப்பா என்று கேட்கிறார். நான் போய்