ஐயாவின் சைக்கிள் ரியூப்

சண்டைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மாமாவின் பழைய கார் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. நிறைமாதமாயிருந்த அம்மாவுக்கு வயிற்றுக்குத்து தொடங்கிய அந்தக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் பக்கத்தில் வேறு வாகனம் இருக்கவில்லை. அம்மா தன் தம்பியான மாமாவின் காரில் ஏறிப் பின்சீற்றில் சாய்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஐயா ஏறவில்லை. ஒரு எல்லைவேலியை வைத்து அவருக்கும் மாமாவுக்கும் நீண்டநாளாகக் கதைபேச்சு இல்லை. ஐயா சைக்கிளில் பின்னால் வந்தார். கார் போன வேகத்துக்கு அவர் அதிகம் பிந்தவுமில்லை.

முரசுமோட்டை வயல்வெளியில் காரின் முன்மூடிக்குள்ளிருந்து ஆவி சீறியது. மாமா இறங்கித் திறந்து பார்த்தார். ரேடியேற்றரிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் றப்பர் குழாய் வெடித்திருந்தது. அதற்குள் ஐயாவும் வந்து சேர்ந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று குழாயைப் பார்த்தார்கள். இடையில் ஒரு முழத் தூரம்தான். ஆனாலும் கதை என் வழியாகத்தான் போகவேண்டியிருந்தது.

“டேய், சுத்திக் கட்ட றப்பர் ஏதும் கிடக்கோ எண்டு கொப்பரைக் கேள்” என்றார் மாமா, ஐயாவைக் காட்டி.

“கார் வைச்சிருக்கிறவர்தான் அதுகளும் வைச்சிருக்கவேணும் எண்டு கொம்மானுக்குச் சொல்லு” என்றார் ஐயா, மாமாவைப் பார்க்காமலே.

நான் கூச்சப்படுகிற பிள்ளை. மெல்லக் காரின் மறுபக்கம் ஒதுங்கினேன்.

“நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலாச் சண்டை பிடியுங்கோ. நான் இஞ்சையே பெத்துப்போட்டு வாறன்” என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

நான் அம்மாவிடம் ஓடினேன். அப்போதுதான் முன்சீற்றுக்குக் கீழே ஒரு பழைய றப்பர் ரியூப் துண்டு சுருட்டியபடி கிடப்பதைக் கண்டேன். கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அந்த நோவுக்குள்ளும் காலால் அதை உள்ளே தள்ளிவிட்டு என் காதைத் திருகினார். “மூடு வாயை.” கார்க் கதவடிக்கு வந்திருந்த மாமா, கண்டும் காணாதவர்போல வயலைப் பார்க்கத் தொடங்கினார்.

வெளியே ஐயா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு சில்லுக்குள்ளிருந்து ரியூப்பை உருவிக்கொண்டிருந்தார். ஒரு ரியூப் கிடைப்பதே பெரும்பாடான காலத்தில் அதை நீள நீளமாகக் கத்தியால் கிழித்தார். மாமா குழாயின் ஈரத்தைத் துடைத்துவிட, ஐயா றப்பரை இழுத்து இழுத்துச் சுற்றினார்.

“இன்னும் இறுக்குங்கோ அத்தான்.”

“நீ பிடியடா முதல். கை நடுங்குது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.”

என்னை இருவரும் மறந்துபோனார்கள். மேலே கம்பி சுற்றி முறுக்கினார்கள். எஞ்சின் ஆறியபின் வாய்க்கால் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஆவி முட்டாமல் இருக்க ரேடியேற்றர் மூடியைச் சற்றுத் தளர்த்தியே வைத்தார்கள். மாமா சைக்கிளைத் தூக்கிக் காரின் மேல் கட்டினார்.

“ஏறுங்கோ அத்தான்.”

ஐயா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறினார்.

பின்னேரம் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தங்கச்சி பிறந்தாள்.

ஐயாவின் சைக்கிள் வெகுநாள் வேலியில் சாய்ந்தபடி கிடந்தது. அதன் முன்பாரில் ஏறி உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்வந்த நான் இப்போது நடந்து போனேன். பொறுக்க முடியாமல் ஒருநாள், காருக்குள் கிடந்த ரியூப் துண்டைப் பற்றி ஐயாவிடம் சொன்னேன்.

“ஓம், கார்க் கண்ணாடியாலை நானும் கண்டனான்.”

“பிறகேன் நல்ல ரியூப்பை வெட்டினனீங்கள்?”

வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் மாமாவின் கார்ச்சத்தம் கேட்டது. ஐயா என்னை ஓடிப்போய் மாமா வந்து இருக்கக் கதிரையை எடுத்துப் போடச் சொன்னார். நானோ, இந்தப் பெரியாக்களுக்கு ஒரு ரியூப்பின் அருமைகூடத் தெரியவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டே கதிரையை இழுத்துவந்தேன்.