பூக்கூடை பஸ்ஸும் புரொபசரம்மாவும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி, அரசாங்கம் என்பதெல்லாம் படித்தவர்கள் பேசுகிற பேச்சு. எட்டாவதோடு நிறுத்திவிட்டு ஸ்ரீரங்கத்தில் பூக்கடை வைத்த எனக்கு அதில் என்ன வேலை? வாரா வாரம் இந்த இடத்தில் கோயில், குடும்பம், கடை என்று எதையாவது சொல்கிறேன். நீங்களும் பொறுத்துக்கொள்கிறீர்கள்... அது போதாதா?

போன வாரம் புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். ஒருவன் மற்றவனைச் சீண்டினான்: "எம்.ஏ. முடிச்சிட்டு ஆராய்ச்சியா? பண்ணி? தடியா ஒரு புக் போட்டுப் பரண்ல ஏத்தவாடா?"

மற்றவன் சிரித்து மழுப்பினான். எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் சத்திரம் ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒரு மத்தியானம் கடைக்கு ஒரு அம்மா வந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் ஜோல்னாப் பை. திருச்சியில் ஒரு காலேஜில் புரொபசர், பெயர் ஜெசிந்தா என்றார். பேசிக்கொண்டே கூடையிலிருந்து ஒரு மல்லிகை மொட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐயய்யோ! முகராதீங்கம்மா!" என்று கத்திவிட்டேன்.

பயந்தே போய்விட்டார். பெருமாளுக்குப் போகிற பூவை முன்னால் நாம் முகரக் கூடாது என்று விளக்கினேன். மொட்டைத் தனியே வைத்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "இந்த மாதிரி எனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன இருக்குங்கய்யா?"

என்னை ஒருவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.

விஷயம் இதுதான். திருவெள்ளறைக்கு அப்பால் சின்னச் சின்ன ஊர்களில் பெண் பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். ஏன்? 'பெற்றவர்களுக்கு அக்கறை இல்லை' என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த அம்மா வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். காரணம் அக்கறைக் குறைவு அல்ல — பஸ்! ஒன்பதாவது படிக்கத் திருவெள்ளறைக்கு வரவேண்டும். சாயந்திரம் ஊருக்குத் திரும்புகிற பஸ், பள்ளிக்கூடத்தில் பெல் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விடும். அடுத்த பஸ் இருட்டின பிறகு. இறங்கி ஏரிக்கரையில் தனியாக நடக்கவேண்டும். யார் அனுப்புவார்கள்?

பஸ் நேரம் போடுகிற ஆபீஸில் இதை ரிப்போர்ட்டாகக் கொடுத்தாராம். அங்கிருந்த அதிகாரி, "நல்ல ஆராய்ச்சிம்மா. ஆனா அது பூ ஏத்தற பஸ். லேட்டாக்கினா ஸ்ரீரங்கத்துப் பூக்காரங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"அதான், அந்தப் பூக்காரங்களையே பாக்கலாம்னு வந்தேன்" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "அவர் சொன்னது சரிதாம்மா. அந்த பஸ் ஊருக்குப் போய்த் திரும்பும்போதுதான் பூ ஏறும். விளக்கேத்தறதுக்குள்ள பூ கோயிலுக்குப் போயாகணும். பெருமாளைக் காக்க வைக்க முடியுமா?"

அந்த பஸ் போகிற ஊரிலிருந்து எனக்குப் பூ அனுப்புகிற கருப்பையா அன்றைக்குக் கடையில் இருந்தார். அவருடைய பெண் செல்வி அந்த வருஷம் எட்டாவது முடிக்கிறாள். நெட்டுருப் போடாமல் கணக்குப் போடுகிற பெண். கருப்பையா மெதுவாகச் சொன்னார்:

"பஸ் லேட்டானா என் பூ போச்சு. லேட்டாகலைன்னா என் பொண்ணு படிப்பு போச்சு. நான் யார் பக்கம் பேசறதுங்க?"

எனக்குச் சுருக்கென்றது. புரொபசரம்மா கருப்பையாவின் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி, பஸ் அப்படியே இருக்கட்டும். பெல் ஏன் முன்னாடி அடிக்கக் கூடாது?" என்றார்.

மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு மூவரும் போனோம். எங்கள் தெருக்காரர்தான். கேட்டதும் கையை விரித்தார்.

"வாத்தியார்ங்க பாதிப் பேர் இங்கேருந்துதான் போறோம். காலை பஸ் போய்ச் சேர்ந்தாத்தானே பள்ளிக்கூடம் திறக்கலாம்?"

"காலையில பூ ஏறாதே சார்! பஸ்ஸை அரை மணி முன்னாடி எடுத்தா யாருக்கு நஷ்டம்?" என்றேன்.

"எனக்குத்தான் ஓய்! நீர் பூவைக் கொண்டுவந்து கொடுத்து, நான் பெருமாளுக்குச் சாத்திவிட்டுக் கிளம்ப வேண்டாமா?"

"உங்க வீட்டுப் பூவை முதல் வேலையா நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

ஹெட்மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப நான் என்ன சாக்குதான் சொல்றதாம்?"

உள்ளேயிருந்து மாமியின் சிரிப்பு கேட்டது. அதோடு ஹெட்மாஸ்டர் வழிக்கு வந்துவிட்டார்.

நாங்கள் நாலு பேரும் அந்த ஆபீஸுக்குப் போனோம். அதிகாரி எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "சரி, இதுல யாருக்கு ஆட்சேபணை?" என்றார். ஆட்சேபணை செய்யவேண்டியவர்கள் எல்லோரும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்... பேசாமல்!

அவர் கையெழுத்துப் போடப் போனார். பேனா நின்றது. "ஏம்மா, இது இந்த ஒரு ஊர்ல மட்டும்தானா?"

அப்போதுதான் புரொபசரம்மா பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். உப்பிலியபுரம் பக்கம் வரைக்கும் அவர் போன ஊர்களில் எங்கெங்கே இதே கதை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். முன்னால் கொடுத்தபோது அட்டையைக்கூடத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டவர், இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். கையெழுத்தும் போட்டார்.

அதன் பிறகு, எந்தத் தடத்தில் நேரத்தை மாற்றினாலும் அந்த வழியில் இருக்கிற பள்ளிக்கூடத்தையும் ஒரு வார்த்தை கேட்பது அந்த ஆபீஸில் வழக்கமாகிவிட்டது.

இன்றைக்கும் எனக்கு ஒரு யோசனை ஓடும். வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்தது பெரிதா? யார் குறுக்கே நிற்பார்கள் என்று தெரிந்து, அவர்கள் கடை வாசலுக்கே வந்து நின்றது பெரிதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெருமாள் இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, கூடையை இறக்கும்போது கண்டக்டர் சொன்னார்: "இன்னிக்கு உங்க கருப்பையா, அவர் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்து இறங்கின அதே படியிலதான் இந்தக் கூடையை ஏத்தினாருங்க."

பூ விளக்கேற்றுவதற்கு முன்பே கோயிலுக்குப் போய்விட்டது.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். அந்த இரண்டு பையன்களைப் பார்த்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். ரிப்போர்ட்டால் நடந்தது என்று சொல்லிவிடாதீர்கள். ரிப்போர்ட் இல்லாமலே நடந்தது என்றும் சொல்லிவிடாதீர்கள்.

முக்கியமாக, பெருமாளைக் காக்க வைத்தோம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது!