கரையான் பானையும் வேண்டுதல் சேவலும்

திண்டிவனத்தின் ஓரத்தில், முன்பு மல்லாட்டை என்னும் வேர்க்கடலை விளைந்த நிலத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, மூன்று பெட்டைக் கோழிகள் வளர்த்தேன். அவற்றுக்குப் பிடித்த தீனிக்கென்று நான் கடைக்குப் போனதில்லை. முருங்கைக் கொத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவேன். எம்பி எம்பிக் கொத்தும். கோடையில் தர்பூசணித் தோல், மற்ற நாட்களில் பப்பாளி விதையோ ஆறவைத்து உதிர்த்த கேப்பைக் களியோ. முட்டையின் மஞ்சள் அடர்ந்து வர இவையே போதுமானவையாக இருந்தன.

ஆடியில் ஒரு செஞ்சேவலும் வந்து சேர்ந்தது. பின் தெருவில் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுடையது. அவள் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமல் கிடந்தார். கிருத்திகையன்று சேவலை மயிலம் மலைக் கோயிலில் உயிரோடு விடுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்ததால், அதுவரை என்னிடம் விட்டிருந்தாள்.

“நல்லா கொழுகொழுன்னு போவணும்க்கா. நோவு வந்த சேவல சாமி வாங்காது.”

அதற்காக அவளே ஒரு வேலை செய்தாள். ஓட்டைப் பானையில் கிழிந்த கோணியும் காய்ந்த சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, அடுத்த மனையின் எல்லையில் இருந்த கரையான் புற்றின்மேல் கவிழ்த்தாள். மாலையில் வைத்தால் விடிவதற்குள் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். காலையில் தட்டிக் கொட்டினால் கோழிகளுக்கு அதைவிட விருந்து இல்லை.

“உங்க பெட்டைங்களும் துன்னட்டும். வாடகைன்னு வச்சிக்குங்க,” என்று சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

அடுத்த மனையில் வீடு கட்ட அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டியிருந்தார்கள். ஒரு நாள் காலை வாசற்கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் போன்ற ஒரு நெடி அடித்தது. வண்டி ஏதோ நின்று போயிருக்கும் என்று எண்ணினேன். காக்கைகள் அன்று அந்த மனையில் இறங்கவில்லை என்பது பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதுதான் உறைத்தது.

அவள் கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் முதல் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வந்து பானையைத் தட்டினாள். கரையான்கள் கொத்தாக விழுந்தன. ஆனால் சிதறி ஓடவில்லை.

“இன்னாக்கா இது, இன்னிக்கு எல்லாம் தூங்கிக்கினு கீது?”

சேவல் ஓடி வந்தது. நல்ல தீனியைக் கண்டால் சேவல் தான் முதலில் தின்பதில்லை. அலகால் ஒன்றை எடுப்பதும் கீழே போடுவதுமாகக் கொக்கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிடும். மூன்றும் பாய்ந்து வந்து கொத்தின. அது நிமிர்ந்து நின்று மேலும் கூப்பிட்டது.

அப்போதுதான் வேலைக்கு வந்த மேஸ்திரி எல்லையிலிருந்து கத்தினார். “அம்மா, அத்த போடாதீங்க! நேத்து பொழுது சாய கடைக்காலுக்கு கரையான் மருந்து ஊத்திட்டோம், புத்துக்கும் சேத்து!”

“சொல்லிட்டு ஊத்துனா வாயா தேஞ்சிபூடும் உனக்கு?” என்றவள் சேவலை வாரி நெஞ்சோடு அணைத்து, அலகைப் பிளந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

பெட்டைகளுக்குத் தண்ணீரும், கரியைப் பொடித்துக் கரைத்ததும் புகட்டினேன். நண்பகலுக்குள் அவற்றின் கழுத்து தொய்ந்தது. கால்கள் விறைக்க, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்தோம். அவள் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

சேவல் பிழைத்துவிட்டதென்றே நம்பினோம். ஆனால் மறுநாள் கேப்பையை இறைத்தபோது அது ஒரு மணியை எடுத்துக் கீழே போட்டுக் கூப்பிட்டது. யாரும் வரவில்லை. மறுபடி எடுத்தது, போட்டது, கூப்பிட்டது. முருங்கைக் கொத்தின் கீழும் அப்படியே. கூப்பிட்டதே தவிரத் தின்னவில்லை. அதற்கடுத்த நாள் கொண்டை வெளிறிச் சரிந்திருந்தது. களியை உருட்டி அவள் அலகுக்குள் வைத்தாள். அதையும் கீழே போட்டுவிட்டுக் கூப்பிட்டது.

“துன்னுடா. உன்ன நம்பிதான் அந்தாளு படுத்துக்கினு கீறாரு,” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே, “கிருத்திக வரைக்கும் தாங்காதுக்கா. இன்னிக்கே போறேன்.”

துணிப்பையில் சேவலை வைத்து, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி கட்டினாள். பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன். பையின் கனம் குறைந்துவிட்டதை அவள் கை அறிந்திருக்க வேண்டும். அடிக்கடி உள்ளங்கையால் அடியைத் தாங்கிப் பார்த்துக்கொண்டாள்.

“நாள் முந்திப் போனாலும் சாமி வாங்கிப்பாரு, இல்லக்கா?”

பைக்கு வெளியே நீண்டிருந்த சேவலின் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். “வாங்கிப்பாரும்மா, உயிரோடதான கொண்டுபோற,” என்றேன்.

மயிலம் பேருந்து வந்தது. அவள் சன்னலோரம் உட்கார்ந்து, மடியிலிருந்த பையின் கட்டைத் தளர்த்தி உள்ளே ஒரு பிடி கேப்பையைப் போட்டாள். வண்டி நகரும்போது உள்ளிருந்து சேவல் மெல்லக் கூப்பிடத் தொடங்கியிருந்தது.