என் வீட்டு கேட் சத்தம்

சாவி அண்ணனுக்குப் பொறாமை வந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய வீட்டுத் தரகு ஆபீஸுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் என் பில் புத்தகத்தின் தாள் படபடக்கும். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், ஆனால் கொஞ்சம்தான்.

பதினான்கு வருடப் பழக்கம். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சாவி, சாவியில் ஓர் அட்டை, அட்டையில் கதவு எண். எந்த வீட்டில் எந்த ஜன்னல் சிக்கும், எந்த மாடியில் எந்தப் படி உயரம் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் வீடு காட்டப் போனால் வாயைத் திறக்க மாட்டார். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். வந்தவர்களே சுற்றிப் பார்த்து, அவர்களே சண்டை போட்டு, அவர்களே சமாதானமாகி வெளியே வரவேண்டும். "வீடே பேசும் தங்கச்சி. நடுவுல நான் எதுக்கு?" என்பார். அதை ஒரு பெரிய கொள்கையாகவே வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் போய் அப்படி ஒரு சகலை வாய்த்தார். அண்ணியின் தங்கை கணவர். பத்து வருடம் தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்றவர், மூன்று வருடத்துக்கு முன்பு இதே தொழிலுக்கு வந்தார். முதலீடு என்று பார்த்தால் வாய் மட்டும்தான். அண்ணன் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாலு மாசம் தாங்குவான்" என்றார். போன வருடம் சகலை ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தார். பெயர், 'உள்ளே வாங்க'.

வாரத்துக்கு ஒரு தெரு, இருபது நிமிடம். அந்தத் தெருவில் குழாய் ரிப்பேர் பார்ப்பவரைப் பேச வைப்பார். பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகும் அம்மாவிடம் எத்தனை சாலையைக் கடக்க வேண்டும் என்று கேட்பார். வங்கியில் வீட்டுக் கடன் பார்க்கும் பெண்ணிடம், ஜனங்கள் எங்கே தப்பாகக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று விசாரிப்பார். நடுநடுவே ஜோக். கடைசி ஒரு நிமிடம் மட்டும்தான் வியாபாரம்: "இந்தத் தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு, பாக்கணும்னா கூப்பிடுங்க." கூப்பிட்டார்கள். பேருந்திலும் சமையலறையிலும் அவர் குரலைக் கேட்டுக் கேட்டு, நேரில் பார்க்காதவர்கள்கூட அவரைச் சொந்தக்காரராக நினைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். அண்ணன் ஆபீஸில் போன் அடிப்பது குறைந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு அது தெரியாமல் இருக்குமா?

ஒவ்வொரு தடவையும் ஒரு கேட் 'கிரீச்' என்று திறக்கும் சத்தத்தோடுதான் நிகழ்ச்சி ஆரம்பிக்கும். ஒருநாள் அதை என் கடையில் போட்டிருந்தேன். அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

"தங்கச்சி, அது என் வீட்டு கேட்!"

"எல்லார் வீட்டு கேட்டும் அப்படித்தானே அண்ணா கத்தும்?"

"இருபது வருஷமா தினமும் திறக்கறேன், எனக்குத் தெரியாதா? முதல்ல கிரீச், அப்புறம் ஒரு டக். கீழ்க் கொண்டி தேஞ்சுபோச்சு. சாப்பிட வந்தவன் போனை நீட்டிப் பதிவு பண்ணிட்டுப் போயிருக்கான். என் சோத்தையும் தின்னு, என் கேட்டையும் தூக்கிட்டுப் போயிட்டான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. பிறகுதான் உண்மையான எரிச்சல் எங்கே இருக்கிறது என்று வெளியே வந்தது. அண்ணி சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது போனை டப்பாவில் சாய்த்து வைத்து அந்த நிகழ்ச்சியைத்தான் கேட்கிறாராம். கேட்டுச் சிரிக்கிறாராம். "கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். என் பேச்சுக்கு அவ ஒரு தடவை அப்படிச் சிரிச்சதில்ல."

"நீங்க பேசினாத்தானே அண்ணா சிரிக்க முடியும்?"

அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கும் யோக்யதை இல்லை. எதிரே கலர் பிரின்ட் கடை வந்ததிலிருந்து அந்தப் பக்கம் யார் நுழைகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பவள் நான்.

நர்ஸம்மா விஷயத்தில்தான் அவருக்குத் தாங்க முடியாமல் போனது. ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருப்பவர். தெருமுனையில் பச்சைக் கைப்பிடி வைத்த வீடு அவருடையது. பதினோரு வருடத்துக்கு முன்பு அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அண்ணன்தான். இப்போது மகளோடு போய் இருக்கப்போகிறார், வீட்டை விற்க வேண்டும். தன்னிடம்தான் வருவார் என்று அண்ணன் சாவி மாட்ட ஓர் ஆணியைக்கூடக் காலி பண்ணி வைத்திருந்தார். நர்ஸம்மா சகலையிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமே அந்தத் தெரு பாட்காஸ்ட்டில் வந்தது. ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டோம்.

மறுநாள் காலை அண்ணன் என் கடைக்கு வந்து, "உன் உள்ரூம் கொஞ்சம் வேணும்" என்றார்.

உள்ளறையில் கூரை வரைக்கும் பேப்பர் கட்டுகள். வெளிச்சத்தம் ஒரு துளி நுழையாது. போனில் பதிவு செய்வது எப்படி என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் உண்டு. முதல் ஐந்து தடவையும் "வணக்கம்" சொல்லிவிட்டு மறுபடி வாயே திறக்கவில்லை. ஆறாவது தடவை சகலையை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பொறிந்து தள்ளிவிட்டார்.

"வீடு வாங்கறவங்க சிரிச்சுப் பேசறவனைப் பாக்காதீங்க, தரையைப் பாருங்க. பச்சைக் கைப்பிடி வச்ச ஒரு முனை வீடு இருக்கு. பாக்க லட்சணமா இருக்கும். ரெண்டு நாள் சேர்ந்தாப்ல மழை பெஞ்சா பின்ரூம் தரையில தண்ணி ஊறும். அங்கே கட்டில் போட்டா கால் உளுத்துப்போகும். இதை அந்தப் பாட்காஸ்ட்ல சொன்னாங்களா?" என்றார்.

நாலு நிமிடம்தான். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அது ஒரே நாளில் சுற்றி வந்தது. வாங்க இருந்த புருஷன் பெண்டாட்டி பின்வாங்கினார்கள். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அதுவும் தானாகவே.

சகலை சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தோம். வந்தது அவருடைய அடுத்த நிகழ்ச்சி. "அந்த வீட்டைப் பத்தி எனக்குத் தெரியாமப்போச்சு. தெரியாம ஒரு குடும்பத்தை அதுல கொண்டுபோய் விட்டிருப்பேன். காப்பாத்தினது எங்க அண்ணன். இந்தத் தொழில்ல இப்படி ஒரு நேர்மையான மனுஷனை நான் பாத்ததில்ல. அடுத்த வாரம் அவரையே கூட்டிட்டு வர்றேன்" என்றார். தாக்க வந்தவனுக்கு மாலை போட்டு அனுப்பினால் அவன் எங்கே போவான்? அண்ணனுக்குத் திட்டவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. ஆனால் அண்ணி அன்று வாசல்வரை வந்து வழியனுப்பினாராம். அதை அண்ணன் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

சகலையின் நிகழ்ச்சியில் பேச அண்ணன் போக வேண்டிய அன்று காலையில் நர்ஸம்மா என் கடைக்கு வந்தார். பத்திரத்துக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஆபீஸ் வாசலில் போய் நின்றார். நான் மெஷினை நிறுத்தினேன். ஒட்டுக்கேட்கத்தான்.

"அந்த ரூம்ல தண்ணி ஊறறது எனக்கும் அந்தத் தரைக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார். "என் பொண்ணுகிட்டகூட சொன்னதில்ல. பதினோரு வருஷமா மழை வந்தா துணியை வச்சுத் துடைச்சுத் துடைச்சு, நான்தான் ஏதோ கவனிக்காம விட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேன். உங்க சகலைகிட்டயும் மறைச்சேன், அது என் தப்பு. ஆனா மழை நாள்ல நீங்க என் வீட்டுக்குள்ள வந்ததே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒருமுறை முனகியது.

"இவ்வளவு நல்லாப் பேச வருது உங்களுக்கு" என்றார் நர்ஸம்மா. குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

அவர் போன பிறகு நான் அண்ணனுடைய ஆபீஸுக்குள் போனேன். அண்ணன் அந்தக் காலி ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை.

"நீங்க வித்த அன்னிக்கு அந்தப் பத்திரத்துக்குப் பிரதி எடுத்ததும் நான்தான். நல்ல வெயில் காலம். தெரிஞ்சுதான் வித்தீங்களா?"

"முன்னாடி இருந்தவர் சொன்னாரு. மழைக்கு முன்னாடி முடிச்சுடுங்கன்னாரு. இவங்க கேக்கல, நானும் சொல்லல."

"வீடே பேசும்னு சொல்வீங்களே?"

"வெயில்ல அது பேசாது தங்கச்சி" என்றார்.

நான்கு மணிக்குப் பதிவு. அண்ணன் சகலையின் வீட்டுக்குப் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். சட்டையைச் சரிசெய்துகொண்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி வந்தது. முதலில் கிரீச், அப்புறம் டக். சகலை ஊருக்கெல்லாம் கேட்கிற குரலில், "அண்ணே, ஒவ்வொரு வீட்டுக் குறையும் உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டார். அண்ணன் சொன்னார்: "மத்த வீடு எப்படியோ, அந்த முனை வீட்டை வித்ததே நான்தான். தண்ணி ஊறும்னு தெரிஞ்சே வித்தேன். இப்ப வெளியே சொன்னதும் நேர்மையினால இல்ல. உன் மேல இருந்த பொறாமையில சொன்னேன்."

அதற்குப் பிறகு பதினோரு விநாடி சத்தமே இல்லை, எண்ணினேன். வாயை மூடத் தெரியாத சகலை மூடிக்கொண்டிருந்தார். பிறகு அதை வெட்டி எடுத்துவிடவும் இல்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அந்த மனிதரை நான் மதிக்கிறேன். ஆனால் இதுவரை அவருடைய நிகழ்ச்சிகளில் அதிகம் பேர் கேட்டது அதைத்தான். அண்ணனுக்கு அதிலும் ஒரு குமுறல். "என் மானம் போனதும் அவன் கணக்குலதான் ஏறுது" என்றார்.

மூன்று வீட்டுக்காரர்கள் வந்து தங்கள் சாவியைத் திரும்ப வாங்கிப்போனார்கள். முனை வீட்டில் இப்போது பின்னறைத் தரையை உடைத்து வடிகால் போடுகிறார்கள். கொத்தனாரை ஏற்பாடு செய்தது அண்ணன், காலையிலிருந்து அங்கே நின்று பார்ப்பதும் அவர்தான். நர்ஸம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விற்கப்போவது சகலைதான் என்பதில் மாற்றம் இல்லை.

நேற்று அண்ணன் சட்டையெல்லாம் சிமென்ட் தூசியோடு என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி அந்த நிகழ்ச்சியைக் கேட்டாரா என்று இத்தனை நாளாகக் கேட்கத் துணியாமல் இருந்தேன். நேற்று கேட்டே விட்டேன்.

"கேட்டா. வெங்காயம் நறுக்கிட்டே கேட்டா. நான் ஹால்ல இருந்தேன். அந்த இடம் வந்ததும் கத்திச் சத்தம் நின்னுபோச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து போட்டா."

சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கம் சாய்ந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பதுபோல, ரகசியமாகச் சொன்னார்.

"அவன் பேசின எதையும் அவ ரெண்டு தடவை கேட்டதில்ல தங்கச்சி."