இராஜபாளையத்துக்குக் கொண்டுபோன மடக்குக் கத்தி

1992ஆம் ஆண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரை பழங்காநத்தம் பேருந்து நிலையத்தில் இராஜபாளையம் பேருந்தில் ஏறினேன். செங்கோட்டை ரயிலில் போயிருக்கலாம். மீட்டர் கேஜில் அது ஆடி அசைந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். கையில் ஒரு துணிப்பை. கால்சட்டையின் வலது பையில் மடக்குக் கத்தி. வேறெதுவும் அந்தப் பையில் இராது. சாவியோ சில்லறையோ கூட இருந்தால் பிடியில் கீறல் விழும்.

கிளம்பும்போதே என் மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "மக வீட்டுக்குப் போறீங்க, கத்தி எதுக்கு? பென்சில் சீவ எட்டணாவுக்கு சீவி கிடைக்குது." நான் வெளியே கிளம்பினால் கத்தியும் கிளம்பும். வங்கிக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், பிரின்சிபால் அறைக்குள்ளும் அது என்னோடு போயிருக்கிறது. கத்தி வைத்திருப்பவனெல்லாம் ரௌடி என்று நினைப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் வீட்டில் பார்சல் வந்தால் பல்லால் கடித்துப் பிரிப்பார்கள்.

எனக்குக் கத்தி எப்படி இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அலகு போதும். அது என் உள்ளங்கை அகலத்தைத் தாண்டக் கூடாது. திறக்க இரண்டு கையும் வேண்டும். பொத்தானை அழுத்தினால் தானே பாய்ந்து திறக்கும் கத்தி சண்டைக்காரனுக்கானது. பிடி எருமைக்கொம்பில் இருக்கவேண்டும். மரம் தண்ணீரில் ஊறும், பிளாஸ்டிக் வழுக்கும். சிங்கப்பூரிலிருந்து ஒரு உறவினர் கத்தரி, திருப்புளி, பல்குச்சி எல்லாம் மடங்கிய ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். எல்லாம் செய்யும் பொருள் எதையும் ஒழுங்காகச் செய்யாது. முக்கியமாக, அலகு துருப்பிடிக்கும் எஃகில் இருக்கவேண்டும். எவர்சில்வர் பளபளக்குமே தவிர சாணைக்கல்லில் கூர் ஏறாது. துருப்பிடிக்கும் எஃகைத் தண்ணீரில் கழுவக் கூடாது. உபயோகித்ததும் துணியால் துடைத்து மடக்கவேண்டும். விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு இரும்புக் கடையில் 1983இல் வாங்கிய கத்தி இது. ஒன்பது வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் பட்டதில்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

திருமங்கலம் தாண்டி கல்லுப்பட்டியில் பேருந்து நின்றது. சன்னலுக்கு வெளியே வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகள். ஒரு ரூபாய்க்கு நான்கு வாங்கி நீளவாக்கில் கீறினேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், என் வயதுதான். சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"சார் போலீஸா?"

"இல்லை. வாத்தியார்."

"வாத்தியாரு பிரம்புதான வச்சிருப்பாக. இப்ப பிள்ளைக அம்புட்டு மோசமாயிட்டாகளா?"

ஒரு கீற்றை நீட்டினேன். வாங்கித் தின்றார். அடுத்த கீற்றுக்கு அவரே கையை நீட்டினார். கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் அவருடைய அட்டைப்பெட்டிக் கயிற்றின் முடிச்சை என் கத்தி அறுத்து, மறுபடி கட்டுவதற்கு நீளமும் அளந்து கொடுத்திருந்தது. இறங்கும்போது, "கத்தி நல்ல கத்தி சார். ஆனா வெளிய எடுக்காதீக" என்றார்.

மதுரையிலிருந்து ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர், ஸ்ரீவில்லிபுத்தூர். மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால் அங்கே இறங்கினேன். கோபுரம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. வழி கேட்கவேண்டிய அவசியமில்லாத ஊர். கோவில் தெருவில் ஒரு கடையில் பால்கோவா அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. முக்கால் கிலோ எடை போடச் சொன்னேன். சூட்டோடு கட்டினால் வேர்த்துவிடும், செத்த நேரம் பொறுங்கள் என்றார் கடைக்காரர். பொறுத்திருந்த நேரத்துக்கு வாழையிலைத் துண்டில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். கத்தி முனையில் எடுத்துச் சாப்பிட்டேன். வெந்த பாலின் மணமும் லேசான மணல் மணலான பதமும் நாக்கில் நிற்கும். கைக்குட்டையில் துடைத்து மடக்கினேன்.

அங்கிருந்து இராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். மேற்கே மலை கூடவே வருகிறது. நூற்பாலைகளின் கூரைகள் தொடங்குமிடத்தில் காற்றில் பஞ்சுத் தும்பு பறக்கிறது. பேருந்து நிலையத்தில் இறங்கும்போது பத்து மணிக்கு மேலாகிவிட்டது.

என் மகள் சுமதி மூன்று வருடத்துக்கு முன் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை முருகேசன் நூற்பாலையில் சூபர்வைசர். சுமதி வீட்டின் பின்கட்டில், காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வாங்கி பேண்டேஜ் சுற்றும் வேலையைத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. நகைகளை அடகு வைத்து மெஷின் வாங்கியிருந்தாள். அன்று மாலை கோயம்புத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வருகிறார், பிடித்திருந்தால் மாதாமாதம் ஆர்டர் என்றாள். இதுவரை சில்லறை விற்பனைதான். இந்த ஆர்டர் கிடைத்தால்தான் மெஷின் நிற்காது, நகையும் திரும்பும்.

அறையைக் காட்டினாள். சுண்ணாம்பு அடித்த சுவர், தரையில் தூசி இல்லை. செருப்பை வெளியே விட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் யாரும் உள்ளே போகலாம். தலையில் துணி கட்டிய இரண்டு பெண்கள் வெளுத்த துணியைக் கம்பியில் இறுக்கிச் சுற்றி, ஒரு கை நீளத்துக்கு உருளையாக்கினார்கள். அதை மோட்டார் பிளேடு ரொட்டி நறுக்குவதுபோல் நாலு நாலு அங்குலமாக நறுக்கியது. அத்தனை வெள்ளையை நான் ஆய்வுக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சம்பந்தியம்மா ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். அந்தப் பக்கத்துச் சப்பட்டை ரகம். நான் ஆறேழு பழங்களைத் துண்டு போட்டேன். கடைசிப் பழத்தைத் தானே நறுக்குவதாகச் சொல்லி அவர் கத்தியைக் கேட்டார். நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கீழ வைங்க அண்ணாச்சி. நான் எடுத்துக்கிடுதேன்."

"ஏன்?"

"கத்தியக் கையில குடுத்தா ரெண்டு பேருக்கும் சண்டை வந்துரும்பாக."

"நான் முப்பது வருஷம் சயின்ஸ் சொல்லிக்கொடுத்தவன். பிடியைத்தானே நீட்டுகிறேன், வாங்குங்கள்."

சுமதி என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே வாங்கினார். விருந்தாளியோடு எதற்கு வம்பு என்று வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அதை ஒரு வெற்றியாக எண்ணினேன். பழத்தை நறுக்கி அவர் திருப்பிக் கொடுத்ததும் அங்கே மாற்றிக் கட்டியிருந்த வேட்டியின் நுனியில் துடைத்து, மடக்கி, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நாலரை மணிக்கு கோயம்புத்தூர்க்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், குரல் உயர்த்தாதவர். செருப்பை விட்டார், கை கழுவினார். நானும் கழுவிக்கொண்டு பின்னாலேயே போனேன். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இழை எண்ணினார், திருப்தியாகத் தலையசைத்தார். "நறுக்கிக் காட்டுங்க பாக்கலாம். ஓரம் பிசிறடிக்காம வருதான்னு பாக்கோணும்" என்றார்.

சுமதி சுவிட்சைப் போட்டாள். கரண்டு இல்லை.

"கால் மணி நேரத்துல வந்துரும் சார். ஒரு காபி சாப்பிடுங்க" என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு அவருக்குப் பேருந்து.

நான் கத்தியை எடுத்தேன்.

"அப்பா, வேண்டாம்" என்றாள் சுமதி.

"பிசிறு பார்க்கணும், அவ்வளவுதானே. உன் மெஷினைவிட இது சுத்தமாக அறுக்கும்."

"வேண்டாம்ப்பா. கரண்டு வந்துரும்."

நான் உருளையைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் என் முழங்கையைத் தொட்டு, மூன்றாவது தடவையாக மெதுவாக, வியாபாரி காதில் விழாதபடி, "வேண்டாம்" என்றாள். நான் அலகைப் பதித்துச் சுற்றி அறுத்தேன். துண்டு கையோடு வந்தது. ஒரு இழை பிசிறவில்லை.

"கத்தி அருமைங்க" என்றார் வியாபாரி. நான் மகளைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் துண்டைத் திருப்பினார். வெட்டிய முகத்தில், அடுக்கடுக்கான வெள்ளைக்கு நடுவே, கருப்பும் மஞ்சளுமாக ஒரு கோடு. மூக்கருகில் கொண்டுபோனார்.

"மாம்பழ வாசம் வருதுங்களே" என்றார்.

மாம்பழப் புளிப்பு எஃகில் பட்டால் என்ன ஆகும் என்று நான் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். இரும்பு கரையும், கறுக்கும், துணியில் ஒட்டினால் போகாது. தெரியாமல் செய்ததாக நான் சொல்லிக்கொள்ள முடியாது. கையைக் கழுவினேன், கத்தியைக் கழுவவில்லை. கழுவாததுதானே என் பெருமை.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நான் வாதாடினேன். இது என் சொந்தக் கத்தி, தொழிலில் உபயோகிப்பதில்லை என்றேன். ஆஸ்பத்திரியில் எப்படியும் ஆவியில் அவித்துத்தானே கட்டுவார்கள், அவித்தால் கிருமி ஏது என்று பாடம் நடத்தினேன்.

அவர் முழுவதும் கேட்டார். "கத்தி யாருதுன்னு நான் கேக்கலீங்க. உள்ள வந்துச்சில்லீங்களா? புண்ணுல கட்டற துணிங்க இது." சுமதியிடம், "நல்லா வச்சிருக்கீங்கம்மா. பொறவு பாக்கலாமுங்க" என்று எங்கள் பக்கத்தில் நாசூக்காக மறுக்கும் சொல்லையே போட்டுச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பிய பின் கரண்டு வந்தது. மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. சுமதி போய் நிறுத்தினாள்.

இரவு மாப்பிள்ளை வேலை முடிந்து வந்ததும் என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் சம்பந்தியம்மா சொன்னார்: "எல்லாம் என்னாலதாம்ல. மத்தியானம் அண்ணாச்சிகிட்ட கத்தியக் கையில வாங்கிட்டேன். கூடாதுன்னு தெரிஞ்சும் வாங்கினேன். அதான் ஆர்டர் தட்டிப்போச்சு."

முருகேசன் தாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி விடுங்க" என்றார். நான் மறுக்கவில்லை. அறிவியல் படித்தவன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மூடநம்பிக்கை எனக்கு வசதியாக இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிறு காலை சுமதி என்னைப் பேருந்து நிலையம்வரை கொண்டுவிட வந்தாள். வழியில் கண்மாய்க் கரை. நின்றேன். கத்தியை எடுத்து, "இதை இப்போதே வீசிவிடுகிறேன்" என்றேன். அது நாடகமில்லை.

"கத்தியக் குத்தம் சொல்லாதீங்கப்பா" என்றாள். "அது என்ன பண்ணுச்சு? நல்லா வெட்டுச்சு. நான் மூணு தடவ வேண்டாம்னு சொன்னேன்."

"கோபமா?"

"இருக்கு. அதுக்காக வீசவேண்டாம். வீசிட்டா சரியாப் போச்சுன்னு நெனச்சிருவீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, நடங்க."

பேருந்து நிலையத்தில் ஏறினேன். அவள் பேருந்து கிளம்பும்வரை நின்றாள், கை காட்டினாள். அதே ஆண்டு கார்த்திகையில் வேறொரு வியாபாரி கிடைத்தார். நகை திரும்ப இரண்டு வருடம் ஆயிற்று. அந்தத் தாமதம் என்னால் வந்தது.

கத்தி இன்றும் என் வலது பையில் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் யாராவது அதை விட்டொழித்திருக்கலாமே என்று நினைத்தால், நினைத்துக்கொள்ளட்டும். எருமைக்கொம்புப் பிடி, ஒற்றை அலகு, துருப்பிடிக்கும் எஃகு: இவற்றில் எதற்கும் நான் வருந்தவில்லை. இந்த வயதிலும் பேரப்பிள்ளைகள் பார்சலைப் பிரிக்க என்னிடம்தான் வருகிறார்கள். வருந்துவது என் முழங்கையில் பட்ட அந்த விரல்களுக்காக.

அன்று மத்தியானம் மதுரைக்கு வந்து சேர்ந்தேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, மகள் கடிதத்தில் எழுதியிருந்த வியாபாரி என்ன சொன்னார் என்று கேட்டாள். "கரண்டு இல்லை. தள்ளிப் போயிருக்கு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வேற ஒண்ணும் இல்லையே?" என்றாள். இல்லை என்றேன். மறுபடி கேட்கவில்லை. இராஜபாளையத்தில் என் மகள் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். என் வீட்டில் யாரும் எதையும் என்னிடம் இரண்டாம் தடவை சொன்னதில்லை. அதை மரியாதை என்றே அதுவரை நினைத்திருந்தேன்.