பின் அடித்த பக்கங்கள்

சைனிக்புரியில், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்த எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு ஆங்கில நாவல்கள் சொல்லிக்கொடுத்தவர் அவர். படிய வாரிய தலை, கசங்காத வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு ஸ்டேப்ளர். பாவம் வரும் பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்த பிறகுதான் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுப்பார். மனந்திரும்பும் பக்கம் மட்டும் திறந்திருக்கும்.

"டாடி, ஒய் இஸ் ஹி க்ரையிங்?" என்று என் மகள் ஒரு நாவலை நீட்டினாள். அவன் செய்ததெல்லாம் பின்னுக்குள் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரைப் பிடித்தேன். "என்ன செஞ்சான்னே தெரியாம, எதுக்கு அழறான்னு பிள்ளைங்களுக்கு எப்படி சார் புரியும்?"

"பாவம் எதுக்கு தம்பி அதுங்களுக்கு? மனந்திரும்பினது போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாவீது ராஜா அடுத்தவன் பெண்டாட்டியை எடுத்துக்கிட்டாரே, பைபிளுக்கும் பின் அடிப்பீங்களா?"

அவருக்குக் கோபமே வரவில்லை. என் மகள் கையிலிருந்த பைபிளைக் கனிவோடு பார்த்தார்.

"பிள்ளைங்களோடதுக்கெல்லாம் போன மாசமே அடிச்சாச்சு, தம்பி."

வீட்டுக்கு வந்து பின்களைப் பிடுங்கினேன். எங்கள் சபையிலேயே அந்தப் பக்கங்களை ஒன்றுவிடாமல் தேடித் தேடி வாசித்தவர் அவர் ஒருவர்தான்.